ஓணானுக்கு அர்த்தம் கேட்பவர்கள்

"இந்த ஓணான் எதைக் குறிக்கிறது?" என்று போன மாதம் ஒரு கண்காட்சியில் ஒருவர் கேட்டார். "ஓணானைத்தான்" என்றேன். சிரித்தார். படத்தை வாங்கவில்லை. பக்கத்துச் சுவரில் வேறொருவருடைய ஏழு குதிரைகள் மாட்டியிருந்தன. அவை மாலைக்குள் விற்றுப்போயின. ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடுகிற படத்தை வரவேற்பறையில் மாட்டினால் தொழில் ஓடுமாம், வாஸ்து சொல்கிறதாம். வரைந்தவர் வாழ்க்கையில் ஒரு குதிரையைக் கூட அருகில் நின்று பார்த்ததில்லை என்பது அந்த முழங்கால்களிலேயே தெரிந்தது. ஆனால் அதிர்ஷ்டத்துக்காக வாங்குகிறவர் முழங்காலையா பார்க்கப் போகிறார்?

பொறாமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் அதுவும் உண்டு. மீதியைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

நான் வரைவது பெரும்பாலும் என் வீட்டுத் தோட்டத்துக்கு வந்துபோகிற உயிர்களை. தோட்டம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். செங்கல்பட்டுப் பக்கம், வீடு கட்டியது போக மிஞ்சிய ஐந்து சென்ட் நிலம். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை, வேலியோரம் செம்பருத்தி, யாரும் நடாமல் தானாக வந்து நிற்கிற எருக்கு. விடிவதற்கு முன் டீ போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்துவிடுவேன். மடியில் மலிவான நோட்டு, கையில் பென்சில். அந்த நேரத்தில் வண்ணம் தொடுவதில்லை, கோடு மட்டும்தான். அணில் ஓரிடத்தில் இருக்காது. தேன்சிட்டு அதைவிட மோசம். முழு உருவமும் கிடைக்காது. ஒரு நாள் கழுத்துத் திருப்பம், இன்னொரு நாள் கால் பிடிமானம் என்று துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டும். வெயில் ஏறியதும் அவை நிழலுக்குப் போகும், நான் சமையலுக்குப் போவேன். மதியம் வண்ண வேலை. மழைக்காலத்தில் தாளில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே தனி வேலை. மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு. மின் கட்டணம் கட்டுவது அந்த வகுப்புதான், ஓணான் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் என் நோட்டைப் புரட்டும்போது ஒரு அகராதியை மனதுக்குள் திறந்துகொள்வதைக் கவனித்திருக்கிறேன். அணிலா, ராமர் தடவிய மூன்று கோடு. காகமா, முன்னோர். பல்லியா, எங்கே விழுந்தது, பஞ்சாங்கத்தில் என்ன பலன். கீரியைப் பார்த்தால் நல்ல சகுனம். ஆந்தையைப் பார்த்தால் நோட்டை மூடியே விடுவார்கள். பக்கத்துப் புளியமரப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை குடியிருக்கிறது. பகலிலும் வெளியே தலை நீட்டி, முகவாயைத் தூக்கி இறக்கி நம்மை அளவெடுக்கும். அவ்வளவு நல்ல மாடல் எனக்கு வேறு கிடைத்ததில்லை. "ஆந்தையை வீட்டில் யார் மாட்டுவார்கள்?" என்று ஒரு கேலரிக்காரர் அந்தப் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம். இங்கே சாவு, ஒரு ரயில் பயணத் தூரத்தில் செல்வம். நடுவில் ஆந்தை ஒன்றும் மாறவில்லை. அதே கரப்பான், அதே எலிக்குஞ்சு.

என் கோபம் குறியீட்டின் மேல் இல்லை, பார்க்காமலே கிடைத்துவிடுகிற குறியீட்டின் மேல். அர்த்தம் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போகிறது. வரைகிறவருக்கும் இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை.

ஓணானையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லும் கதையில், தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட ராமருக்கு அது சிறுநீரைக் கொடுத்ததாம். அந்த ஒரு கதையை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் சுருக்குப் போட்டுப் பிடித்து, கல்லால் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். ஒரு பிராணியின் மேல் ஏற்றிய அர்த்தம் அதன் உயிரையே வாங்கும் என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போக வேண்டாம். இப்போது வேலிக்கம்பத்தைப் பாருங்கள். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் ரத்தச் சிவப்பாகும். உச்சியில் ஏறி நின்று தண்டால் எடுக்கும். இன்னொரு ஆண் வந்தால் முட்டிக்கொள்வார்கள். தோற்றவனின் சிவப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்து, சருகு நிறத்தில் இறங்கிப் போவான். கண்காட்சியில் இருந்தது அந்தத் தோற்ற ஓணான்தான். எங்கள் பகுதியில் பதவி போன ஒருவர் கார் இல்லாமல் நடந்துவந்து கடையில் பால் பாக்கெட் வாங்கியதைப் பார்த்த வாரத்தில் வரைந்தது. ஆக அந்தப் படத்திலும் குறியீடு இருக்கிறது. கேட்டவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அந்த நிறத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

வண்ணத்துப்பூச்சி கதை இன்னும் வேடிக்கை. மகளிர் தினச் சுவரொட்டிகளில் பெண்ணின் முதுகில் இரண்டு சிறகு ஒட்டிவிட்டால் விடுதலை என்று பொருள். என் வகுப்புப் பிள்ளைகளும் போட்டிக்கு அதையேதான் வரைகிறார்கள். கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடுகிற கறுப்பு வண்ணத்துப்பூச்சியைக் கறிவேப்பிலை அழகி என்பார்கள். அதன் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், தின்ன வருகிற குருவி ஏமாந்து போகும். கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். ஆடுதின்னாப்பாளை என்ற செடியைத் தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சேறிய வேறு வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. சிவப்பு உடம்பும் சிவப்புப் புள்ளிகளும் கொண்டவை, பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியில் பல பெண் பூச்சிகள் அந்த நஞ்சுப் பூச்சிகளின் சாயலில் சிறகு கொண்டு பிறக்கின்றன. ஆணுக்கு அந்த வேஷம் இல்லை. பிழைத்திருப்பதற்காக வேறொன்றின் தோற்றத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே போகிற பெண்! விடுதலைச் சுவரொட்டி வரைகிறவர்கள் அரைமணி நேரம் கறிவேப்பிலைச் செடி அருகே நின்றிருந்தால் எவ்வளவு கூர்மையான படம் கிடைத்திருக்கும்.

மரியா சிபில்லா மேரியன் இதைத்தான் செய்தார். 1647ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஓவியர். அந்தக் காலத்து ஐரோப்பியப் பூ ஓவியங்களில் வண்ணத்துப்பூச்சி என்றால் ஆன்மா, உயிர்த்தெழுதல். பூங்கொத்தின் மேல் அலங்காரமாக ஒன்றை உட்கார வைப்பார்கள். மேரியன் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். முட்டை, புழு, கூடு, பூச்சி, அது தின்கிற செடி, தின்று வைத்த ஓட்டை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்தார். 1699இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே வரைந்தவை 1705இல் புத்தகமாக வந்தன. ஆன்மாவை வரைந்த ஆண்கள் பலருடைய பெயர் இன்று வரலாற்று மாணவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஓட்டை விழுந்த இலையை வரைந்தவரை இன்றும் பார்க்கிறோம்.

ஜப்பானில் இட்டோ ஜகுச்சூ என்று ஒரு ஓவியர். 1716இல் கியோட்டோவின் நிஷிகிச் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரி வீட்டில் பிறந்து, நாற்பது வயது வாக்கில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓவியத்தில் இறங்கியவர். பழைய சீன ஓவியங்களைப் பார்த்துப் படி எடுத்துப் பழகியவர் ஒரு கட்டத்தில், பிறர் பார்த்து வரைந்ததை நான் மறுபடி வரைந்து என்ன பயன் என்று வீட்டுத் தோட்டத்தில் கோழிகளை வாங்கி விட்டார், பத்துப் பன்னிரண்டு அல்ல, அதைவிடப் பெருங்கூட்டம். சீன மரபில் சேவலுக்கு ஐந்து நற்குணங்கள் சொல்வார்கள். அவருடைய முப்பது பெரிய பட்டுச் சுருள்களில் இருக்கும் சேவல்களைப் பார்க்கிறவருக்கு அந்த ஐந்தும் நினைவுக்கு வருவதில்லை. கழுத்துச் சிலிர்ப்பும் நகத்தின் பிடியும்தான் வருகின்றன. குணம் வேண்டுமென்றால் அதிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் படங்களில் வரும் குரங்குகளைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அவை காமமா, பிள்ளை இல்லாத ஏக்கமா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மெக்சிகோவில் கொயோவாகானில் இருந்த அவருடைய வீட்டில் அந்தக் குரங்குகள் நிஜமாகவே அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தன என்பதை அடுத்த பத்தியில்தான் சொல்கிறார்கள்.

வெளிநாட்டுக்கெல்லாம் போகத் தேவையே இல்லை. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் ஒரு குருகை, அதாவது கொக்கை, நிறுத்தி வைத்திருக்கிறார். தலைவன் தலைவியைக் கூடிய நாளில் வேறு சாட்சி யாரும் இல்லை. தினைத்தாள் போலச் சிறிய பசுமையான கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு மட்டும் இருந்தது. அவன் பொய் சொன்னால் அவள் என்ன செய்வாள்? பாட்டு அவ்வளவுதான். பயன்படாத சாட்சி, தன் இரையில் மட்டும் கண்ணாக இருக்கிற ஒருவன், எல்லாம் அந்தப் பறவைக்குள் இருக்கிறது. ஆனால் கபிலர் முதலில் காலின் நிறத்தைப் பார்த்தார். எங்கள் தெருக்கோடிக் குட்டையில் நிற்கிற மடையான் கொக்கின் காலைப் பாருங்கள், அந்த மங்கலான பச்சை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. அந்தக் கால் பொய்யாக இருந்திருந்தால் அவளுடைய தவிப்பை நான் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொன்று, நம் ஆட்கள் அதிகம் பேசாதது. உள்ளுறைக்கு, அதாவது பாட்டுக்குள் மறைத்து வைக்கிற பொருளுக்கு, இலக்கணம் சொல்லும்போது தொல்காப்பியர் தெய்வத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு நிலத்துக்கு உரிய மற்றக் கருப்பொருள்களை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறார். பறவை, விலங்கு, மரம், தொழில் இவற்றிலிருந்து மறைபொருளைக் கட்டு, தெய்வத்தை அதற்கு இழுக்காதே என்று நான் அதை வாசிக்கிறேன். புலவர்கள் திருத்தினால் திருத்தட்டும். இன்று நம் வீட்டுச் சுவர்களில் தலைகீழ். மயில் வந்தால் முருகனுக்காக, எலி வந்தால் பிள்ளையாருக்காக. தானாக வந்த மயில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு திருமண மண்டபத்துக்காரர் ஜோடி மயில் கேட்டார், இரண்டுக்கும் தோகை வேண்டும் என்றார். பெண் மயிலுக்கு அந்தத் தோகை கிடையாது என்றேன். "பார்க்க நன்றாக இருக்க வேண்டும் மேடம், அவ்வளவுதான்" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதம் வகுப்புப் பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள்.

இப்போது பாம்புக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அரசமரத்தடி நாகக்கல்லைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு பாம்புகள் முறுக்கிப் பின்னி முகத்தோடு முகம் நிற்கும். பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் பூசுவார்கள். கோடையில் எங்கள் வேலியோரம் இரண்டு சாரைகள் அதே கோலத்தில் எழுந்து நின்றன. பக்கத்து வீட்டு அம்மா உள்ளே ஓடி வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பிணைந்த பாம்புகள் மேல் துணியைப் போட்டு எடுத்து வைத்தால் வீட்டில் செல்வம் நிலைக்கும் என்பது நம்பிக்கை. அவரைக் கெஞ்சி நிறுத்திவிட்டு வரைந்தேன். சாரைகள் இப்படி எழுந்து நின்று பிணைவது பெரும்பாலும் இரண்டு ஆண்களின் பலப்பரீட்சை. கடிப்பதில்லை. ஒன்றின் தலையை மற்றது தரையில் அழுத்தப் பார்க்கும், முடியாதது விலகிப் போய்விடும். சாரை ஆண், நாகம் பெண் என்ற பேச்சிலும் உண்மையில்லை, இரண்டும் வேறு வேறு இனம்.

இது தெரிந்த பிறகு நாகக்கல் எனக்குச் சிறுத்துவிடவில்லை. அதைச் செதுக்கியவர் உடம்பின் முறுக்கை எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார் என்று இன்னும் நேரம் நின்று பார்க்கிறேன். அவரும் எங்கோ ஒரு வேலியோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவராகத்தான் இருக்க வேண்டும். மஞ்சள் பூசுகிற பெண்களிடம் போய் நான் உயிரியல் வகுப்பு எடுக்கப் போவதில்லை. அவர்கள் கேட்பது வேறு. ஆனால் ஓவியம் வரைகிறவர் அந்தக் கல்லை மட்டும் பார்த்து வரைந்தால் போதாது.

அந்தச் சாரைகளைத்தான் அடுத்த கண்காட்சிக்காகப் பெரிய கேன்வாஸில் போட்டுக்கொண்டிருக்கிறேன். தலைப்பு 'இரண்டு ஆண் சாரைகள்'. 'நாக பந்தம்' என்று வைத்தால் இரண்டு மடங்கு விலை சொல்லலாம் என்கிறார் கேலரிக்காரர். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.