கண்டன அறிக்கை கேடயம் ஆகாது

சைபர் தாக்குதலுக்கு, அதாவது ஒரு நாட்டின் கணினிகளுக்குள் புகுந்து முடக்கும் தாக்குதலுக்கு, ராணுவக் கூட்டணி பதிலடி கொடுக்க வேண்டுமா என்று நேற்றிரவு நடந்த விவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். யார் பேசினார் என்று நான் எழுத வேண்டியதில்லை. “நாலு கணினி முடங்கியதற்கெல்லாம் ராணுவக் கூட்டணி எதற்கு? அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும்” என்றார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஒருவன் மேல் கை வைத்தால் அத்தனை பேரும் வருவார்கள் என்ற பயத்தை எதிரிக்கு உண்டாக்கத்தான் ராணுவக் கூட்டணி. டாங்கி எல்லையைத் தாண்டினால் அந்தப் பயம் இருக்கிறது. சைபர் தாக்குதல் என்றால் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: என்ன விலை கொடுக்க நேரும் என்பது அடிப்பவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

விதிகள் இல்லையா? இருக்கின்றன. 2007இல் எஸ்டோனியாவில் ஒரு சோவியத் கால வெண்கலச் சிலையை இடம் மாற்றியதற்காக அந்நாட்டு அரசு, வங்கி, பத்திரிகை இணையதளங்களை வாரக்கணக்கில் முடக்கினார்கள். அடுத்த ஆண்டே அதன் தலைநகர் தாலினில் நேட்டோவின் (அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி) சைபர் பாதுகாப்பு மையம் வந்தது. சைபர் தாக்குதலுக்கும் கூட்டணி ஒப்பந்தத்தில் கூட்டுப் பாதுகாப்புக்கான ஐந்தாம் பிரிவு பொருந்தலாம் என்று 2014இல் வேல்ஸ் மாநாட்டில் அறிவித்தார்கள். சிறு சிறு தாக்குதல்கள் சேர்ந்தாலும் ஆயுதத் தாக்குதலாகக் கருதப்படலாம் என்று 2021இல் இன்னொரு படி மேலே போனார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு.

அல்பேனியாவைப் பாருங்கள். அதுவும் நேட்டோ உறுப்பு நாடுதான். 2022 ஜூலையில் அதன் அரசுச் சேவைகள் முடங்கின. செப்டம்பரில் ஈரான்தான் செய்தது என்று சொல்லி, ஈரான் தூதரக ஊழியர்களை 24 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது. கூட்டணி கண்டித்தது. அமெரிக்கா தடை விதித்தது. அதே வாரத்திலேயே அல்பேனியக் காவல்துறையின் எல்லைச் சோதனைக் கணினிகள் அடுத்த அடியை வாங்கின. அடித்தவன் பயந்திருந்தால் இது நடந்திருக்குமா?

“யார் செய்தார்கள் என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் உக்ரைனின் ஒரு கணக்குப்பதிவு மென்பொருள் வழியாக நுழைந்து உலகமெங்கும் பரவியது. ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பகிரங்கமாகச் சொன்னது 2018 பிப்ரவரியில். எட்டு மாதம்! துப்புத் துலக்க நேரம் எடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனை மாதமும் துப்புத் துலக்கத்தான் போனது என்று நான் நம்பவில்லை. பெயரைச் சொல்லும் துணிவு சேரவும் நேரம் பிடித்திருக்கிறது.

அணைத்துப் போட்டால் சரியாகுமாம். அதே தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் முக்கிய சர்வர்கள் உலகெங்கும் அழிந்தபோது, கானாவில் மின்தடையால் அணைந்து கிடந்த ஒரே ஒரு சர்வர் தப்பியது. அதிலிருந்த தரவை வைத்துத்தான் நிறுவனத்தையே மீட்டார்கள். தற்செயலாகக் கிடைத்த தப்பிப்பை நம்பியா நாடுகள் இருப்பது?

“அப்படியானால் குண்டு போடச் சொல்கிறாயா?” இதைக் கேட்பவர்கள் அந்த ஐந்தாம் பிரிவை ஒரு முறையாவது படியுங்கள். ஒவ்வொரு நாடும் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. ஆயுதம் அதில் ஒரு வழி மட்டுமே. சொத்துகளை முடக்கலாம். தாக்கும் சர்வர்களைச் செயலிழக்கச் செய்யலாம். அடிபட்ட நாட்டுக்கு அன்றே வல்லுநர்களை அனுப்பலாம். எதுவானாலும் சேர்ந்து, விரைவாக, பெயர் சொல்லிச் செய்ய வேண்டும். கோடு கிழித்தால் எதிரி கோட்டுக்கு ஓரங்குலம் இப்பால் நின்று அடிப்பான் என்கிறார்கள். கோடு இல்லாத இப்போது மட்டும் அடிக்காமலா இருக்கிறான்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையில் விடிகாலையில் எல்லாத் திரைகளும் இருண்டன. முந்தைய நாள் எடுத்த ஸ்கேனைத் திறக்க முடியவில்லை. செவிலியர் ஒருவர் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் மருந்தளவுகளை எழுதிக்கொண்டிருந்தார். தாள் தீர்ந்தபோது உள்ளங்கையில் எழுதினார். அம்மாவின் ரத்த வகையை மூன்று பேர் மூன்று முறை வந்து கேட்டார்கள். அறுவை சிகிச்சை இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த இரண்டு இரவும் நான் கண் மூடவில்லை.

அது பணம் பறிக்க வந்த திருடர்களின் வேலை, எந்த நாடும் செய்ததல்ல. தெரியும். அதைச் சொல்லி என் வாயை அடைக்க வேண்டாம். அதே 2017இல் பிரிட்டனின் மருத்துவமனைகளை முடக்கிய வன்னாக்ரை என்ற நாசகார மென்பொருள் வட கொரியாவின் வேலை என்று அரசுகளே சொல்லியிருக்கின்றன. அங்கேயும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. திரை இருண்டு கிடக்கும்போது, இருட்டாக்கியது திருடனா அரசாங்கமா என்று படுக்கையில் கிடப்பவருக்கு என்ன வித்தியாசம்? அவர்களுக்குப் பட்டது அடி இல்லையா? ரத்தம் தெரிந்தால்தான் கணக்கில் சேர்ப்பீர்களா?

அம்மா இன்றும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் தன் ரத்த வகையையும் மாத்திரைப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மடித்து எடுத்துக்கொண்டுதான் போகிறார். நேற்று அந்தச் சிரிப்பை அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.