தரங்கம்பாடி டேனிஷ் ஊரா?

தரங்கம்பாடியை 'டேனிஷ் ஊர்' என்று யாராவது படம் போட்டு எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அது பொய் என்பதால் இல்லை. 1620-இல் டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டான்ஸ்பார்க் கோட்டையைக் கட்டினார்கள், 1845 வரை இருந்தார்கள், எல்லாம் சரி. ஆனால் ஊர் அவர்களுடைய கப்பலில் வந்து இறங்கவில்லையே!

கோட்டைக்குப் பக்கத்திலேயே, அலை அரித்துத் தின்ற இடத்தில், மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306-ஐ ஒட்டிக் கட்டியது. அங்குள்ள கல்வெட்டில் ஊருக்கு இரண்டு பெயர்: சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம். இரண்டாவது யார் வைத்த பெயர் என்று சொல்லவே வேண்டாம். இன்றைக்குக் குலசேகரன்பட்டினம் என்றால் திருச்செந்தூர் பக்கத்து ஊரும் தசராவும் ராக்கெட் தளமும்தான் ஞாபகம் வரும். தரங்கம்பாடியில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. சடங்கன்பாடியில் இருந்த 'பாடி' மட்டும் நிலைத்துவிட்டது.

டேனிஷ்காரர்கள் இங்கே ராஜா பெயரை வைக்கவில்லை. வாயில் நுழைந்த மாதிரி டிராங்கேபார் என்றார்கள், அவ்வளவுதான். வேறு இடங்களில் சும்மா இருக்கவில்லை. வங்காளத்து ஸ்ரீராம்பூரைத் தங்கள் ராஜா பெயரில் பிரெடெரிக்நகர் ஆக்கினார்கள், நிக்கோபாரைப் பிரெடெரிக் தீவுகள் என்றார்கள். அந்த இரண்டு பெயரும் இப்போது எங்கே?

அப்புறம், 'டேனிஷ் ஆட்சி' என்றதும் பெரிய சாம்ராஜ்யத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். தஞ்சாவூருக்கு வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டு இருந்த ஆட்சி அது. 1650-இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில், இந்த ஊரை நடத்திய வணிகக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். அங்கிருந்து கப்பல் வருவது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. 1655-க்குப் பிறகு கோட்டையில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண ஆள். மனுஷன் வங்கக் கடலில் போகிற வருகிற கப்பல்களை மடக்கிக் கொள்ளையடித்து, அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் டென்மார்க்கிலிருந்து மறுபடி கப்பல் வந்து பார்த்தால் கொடி இன்னும் பறக்கிறது! எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் தனி ஆள் எப்படி மதில் கட்டுவார்? கல் சுமந்தவர்கள், கூட நின்று காவல் காத்தவர்கள், கப்பலேறியவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? அந்தப் பதினான்கு வருஷத்தையும் 'டேனிஷ் காலம்' என்ற கணக்கில் எழுதும்போது அவர்கள் காணாமல் போகிறார்கள்.

1845-இல், நிக்கோபார் தவிர இந்தியாவில் இருந்த இடங்களை மொத்தமாகப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஊரில் இருந்தவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதன்பிறகு 1860 வரை தஞ்சாவூர் மாவட்டத்துக்கே தலைமையிடம் தரங்கம்பாடிதான். இதை எந்தப் பயணப் பதிவிலும் நான் பார்த்ததில்லை. பிறகு கலெக்டர் கச்சேரி தஞ்சாவூருக்குப் போனது, அடுத்த வருஷமே ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. தரங்கம்பாடித் துறைமுகம் படுத்தது அப்போதுதான். 1926-இல் மாயவரத்திலிருந்து ஒரு கிளைப் பாதை போட்டார்கள், 1986-இல் அதையும் மூடிவிட்டார்கள். (அரசாங்கம் மயிலாடுதுறை என்று மாற்றி நாற்பது வருஷம் தாண்டிவிட்டது, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் மாயவரம்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

இப்போது 'டேனிஷ்' என்ற சொல்லுக்கு நல்ல விலை. விடுதிக்காரர்கள் சொல்லட்டும், அது வியாபாரம். நாமும் ஏன் அதையே சொல்ல வேண்டும்? அடுத்த முறை போகிறவர்கள் கோட்டை வாசலில் செல்ஃபி எடுத்த கையோடு நாலு எட்டு நடந்து கோயில் பக்கமும் போங்கள். அந்தப் படத்தையும் போடுங்கள், பாண்டியன் காலத்தது என்று ஒரு வரி சேர்த்து.