கூட்ட மேசையில் போத்தல் தண்ணீர்

அண்மையில் குடிநீர் விநியோகம் தொடர்பான கூட்டமொன்றுக்குப் பொதுமகனாகப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமில்லை. ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் அரை லீற்றர் போத்தல் ஒன்று இருந்தது. குழாய் இணைப்பு எடுக்க மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கவலைப்பட்டுப் பேசிய உத்தியோகத்தர், பேச்சின் நடுவிலேயே தன் போத்தலின் மூடியைத் திருகினார். கூட்டம் முடிந்தபின் பார்த்தேன். நாற்பது போத்தல்களில் பாதிக்கு மேல் இரண்டு மிடறோடு அப்படியே இருந்தன. மிச்சத் தண்ணீரைச் சிற்றூழியர் அம்மா வாசலில் இருந்த குரோட்டன் சாடிகளுக்குள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுப்பாட்டு விலையில் அரை லீற்றர் போத்தல் 70 ரூபா, நாற்பதுக்கு 2,800. பெரிய தொகை இல்லை என்பீர்கள். தொகையைவிட என்னை உறுத்துவது, மக்கள் எந்தத் தண்ணீரை நம்பவேண்டும் என்று சபைகள் சொல்கின்றனவோ அதைத் தம் மேசையில் வைக்க அவர்களே தயங்குவதுதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே கிணறுகள் தருகின்றன. தோட்டங்களுக்குப் போடும் உரத்தின் நைத்திரேற்றும் அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கிவிடுகிறது. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த காலத்தில் தண்ணீர் பவுசருக்குக் காத்திருந்தவர்களையும் போத்தல் வாங்கியவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன். அது அவர்களது தெரிவல்ல, வேறு வழியின்மை. ஆனால் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்க, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவில் பொதுப்பணத்தில் நிலையம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தும் வைத்தபின், அந்தக் குழாய் வந்து சேர்ந்துவிட்ட அலுவலகமும் போத்தலுக்கே பற்றுச்சீட்டு எழுதினால், அதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

குழாய்த் தண்ணீர் சரியில்லை என்றால் அதைக் குடிக்கவேண்டிய கட்டாயம் அதிகாரிகளுக்குத்தான் முதலில் வரவேண்டும். கூட்ட மேசையில் தண்ணீரின் மணத்தால் ஒருவர் முகம் சுளித்தால், அடுத்த கிழமையே தாங்கி கழுவப்படும். குழாய் இன்னும் எட்டாத அலுவலகங்கள் போத்தலுக்கு எழுதும் பணத்தில் நல்ல வடிகட்டி ஒன்றைப் பூட்டி, ஆறு மாதத்துக்கொருமுறை கிணற்று நீரைப் பரிசோதித்து, அறிக்கையை வாசலில் ஒட்டலாம்.

இது புதிய யோசனையுமல்ல. சான் பிரான்சிஸ்கோ மேயராக இருந்த கவின் நியூசம், மாநகர நிதியில் போத்தல் தண்ணீர் வாங்குவதை 2007 இலேயே தடைசெய்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க மேயர்கள் மாநாடும், இயன்ற இடங்களில் அதைக் கைவிடும்படி நகர நிர்வாகங்களைக் கேட்டுத் தீர்மானம் எடுத்தது.

இதையெல்லாம் அந்த அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதினேன். "வருகிற பெரியவர்களுக்குக் குழாய்த் தண்ணியை வைக்கிறது மரியாதையில்லை, ஐயா" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. வந்தவர் எவராயினும் கிணற்றில் அள்ளிய தண்ணீரை மூக்குப்பேணியில் வார்த்துக் கொடுத்த ஊரில், மரியாதை எப்போது பிளாஸ்ரிக் மூடிக்குள் போனதென்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக் குழாயில் நிரப்பிய ஒரு குடத்தையும், அம்மாவின் பழைய பித்தளைப் பேணிகளில் நாலைந்தையும் கொண்டுவர அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.