பெப்பரின் பேய் திரையில் விழுந்த படம் அல்ல

1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக் என்ற அறிவியல் காட்சிக் கூடத்தில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளர் மேடையில் காட்டிய பேயை, மாய விளக்கால் (கண்ணாடித் துண்டில் வரைந்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் பழைய கருவி) திரையில் விழுந்த படம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது தவறு. கண்ணாடியில் தெரிந்த, உயிருள்ள நடிகரின் பிம்பம் அது. இரவில் பஸ் ஜன்னலில் நம் முகமும் வெளியே மரமும் சேர்ந்து தெரியுமே, அதேதான்.

மேடையின் முன்பக்கம் பெரிய கண்ணாடித் தகடு, பார்வையாளரை நோக்கிச் சற்றுச் சாய்த்து நிறுத்தியிருக்கும். கீழே, கண்ணுக்கு மறைவான பள்ளத்தில் கறுப்புத் துணி விரித்து, பேயாக நடிப்பவர் பின்பக்கம் சாய்ந்திருப்பார். இரண்டு சாய்வும் பொருந்தாவிட்டால் பேய் கோணலாக நிற்கும். மேடையில் இருக்கும் நடிகருக்கோ பேய் தெரியவே தெரியாது. தரைக் குறியைப் பார்த்துத்தான் வாளை வீச வேண்டும். பிம்பத்தில் இடம் வலம் மாறுவதால் பேய் இடக்கையில் வாள் பிடித்தால்தான் வலக்கையாகத் தெரியும்.

பள்ளத்தில் இருக்கும் நடிகர் மேல் பலமான வெளிச்சம் விழுந்தால்தான் பிம்பம் தெரியும். அந்த வெளிச்சம்தான் பெரிய தலைவலி. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சுடரைச் சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சுவார்கள். கட்டியை அவ்வப்போது திருப்பாவிட்டால் ஒரே இடத்தில் குழி விழும். சுடர் அதில் பட்டுத் திரும்பி விளக்கின் லென்ஸை விரிசல் விடச் செய்யும். வாயுப் பைகளின் அழுத்தம் சமமில்லாமல் ஒன்று மற்றதற்குள் புகுந்தால் வெடிக்கும்.

ஹென்றி டிர்க்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரையும் அந்தக் கட்டுரையில் சேர்க்க வேண்டும். யோசனை அவருடையது, ஆனால் அதற்குத் தனி அரங்கே கட்ட வேண்டியிருந்தது. இருக்கிற மேடையிலேயே நடத்த வழி கண்டவர் பெப்பர். 1863 காப்புரிமையில் இருவர் பெயரும் உண்டு.