43 ஜிபி அப்டேட்டில் இடம் கிடைக்காத ஒரு பெயர்

நேற்றிரவு வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் விளையாடலாம் என்று கணினி முன் உட்கார்ந்தேன். தனியாளாக விளையாடும் கேம்தான். இணையத்தில் எவரோடும் மோத வேண்டியதில்லை. ஆனாலும் முதலில் 43 ஜிபி அப்டேட் கேட்டது. அது இறங்கி முடிந்ததும் கணக்கில் நுழையச் சொன்னது. மின்னஞ்சலுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை இட்டதும், திருத்தப்பட்ட விதிமுறைகளை நீட்டியது. அடிவரை உருட்டினால்தான் ஒப்புதல் பொத்தான் உயிர்பெறுகிறது. நான் வாங்கியது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்று அதில் எழுதியிருந்தது. முழு விலையையும் கொடுத்துவிட்டு வாடகைக்குக் குடியிருக்கிறோம் என்பதே இதன் பொருள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற, இணையத் தொடர்பின்றி ஓடாத 'தி க்ரூ' என்ற கார் பந்தயக் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்தே அது செத்துப்போனது.

இப்படி எது நடந்தாலும் "சோம்பேறி டெவலப்பர்கள்" என்று கேமை உருவாக்குபவர்களைத் திட்டுவதற்கு ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. பல ஆண்டுகளாக விளையாடி, கணினிகளைப் பிரித்துக் கோத்துப் பழகிய எனக்கு, கேமில் உள்ள எந்தப் பிழையையும்விட அதிக எரிச்சலைத் தருவது இந்தச் சொல்தான். 'சைபர்பங்க் 2077' என்ற கேம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 செப்டம்பரில், அதை உருவாக்கிய ஊழியர்களுக்கு வாரம் ஆறு நாள் வேலை என்று உத்தரவானது. டிசம்பர் 10 அன்று வெளியான கேம், பழைய கன்சோல்களில் (டிவியோடு இணைத்து விளையாடும் கருவிகளில்) ஓடிய இலட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கியது. இதில் சோம்பேறி யார்? விடிய விடிய உட்கார்ந்தவரா, முடியாத வேலைக்குத் தேதி குறித்தவரா?

2004இலேயே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் துணைவி, ஓய்வில்லாத வேலையால் தங்கள் குடும்பம் படும் பாட்டைப் பெயர் சொல்லாமல் எழுதினார். ஊதியமில்லாக் கூடுதல் வேலை தொடர்பான வழக்குகளில் அந்நிறுவனம் ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலரும் நிரலாளர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுத்துச் சமரசம் செய்தது. அதன் பிறகாவது திருந்தினார்களா என்றால், இப்போது கசக்கிப் பிழிவதோடு நிற்பதில்லை, பிழிந்ததும் வீசியும் விடுகிறார்கள். ஏறத்தாழ 6,900 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை 2023 அக்டோபரில் வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், மூன்றே மாதத்தில் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. எல்லோரும் கொண்டாடிய 'ஹை-ஃபை ரஷ்' கேமைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக 2024 மே மாதம் அறிவித்தது. (பிறகு வேறொரு நிறுவனம் கைகொடுத்தது; அந்தப் பெருமை மூடியவர்களைச் சேராது.)

கேமை உருவாக்கியவர்களின் பெயரை மறைக்கும் வழக்கம் பழைய கேம் நிறுவனமான அட்டாரியின் காலத்திலேயே இருந்தது. அதை மீறி, வாரன் ராபினெட் என்ற நிரலாளர் 'அட்வெஞ்சர்' கேமில் ஓர் இரகசிய அறை கட்டி, அதற்குள் தன் பெயரை எழுதி வைத்தார். மொத்தக் கேமுக்கும் இருந்த இடம் 4 கிலோபைட்; அதற்குள்ளும் ஒரு பெயரை நுழைக்க முடிந்திருக்கிறது.

நேற்று நான் திறந்த கேமில் ஒவ்வொரு கதவும் திறக்கும் விதம் என் நண்பர் ஒருவரின் கைவேலை. பழைய கதவு முதலில் சற்றே சிக்கி, பிறகு விடுபடும். அந்த அரை நொடிக்காக அவர் வாரக்கணக்கில் மெனக்கெட்டார். வெளியீட்டுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டார். இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை. கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, வெளியீட்டின்போது பணியில் இருந்தவர்கள் மட்டுமே இடம்பெறுவர் என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. புதிய ஸ்கின்களை (கேம் பாத்திரங்களின் அலங்காரத் தோற்றங்களை) விற்க மாதம் தவறாமல் அப்டேட் அனுப்புகிறவர்களே, அவர் பெயருக்கு ஐம்பது பைட் போதுமே!