அனோவா வரிசையைச் சோதிப்பதில்லை

மூன்று மருந்தளவுக் குழுக்களை அனோவாவால் (பல குழுக்களின் சராசரிகளை ஒருசேர ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) ஒப்பிட்டு, பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தால், அளவு கூடக்கூடப் பலனும் கூடுவது உறுதியாகிவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பணிவுடன் சொல்கிறேன், அது சரியன்று. எல்லாக் குழுக்களின் சராசரியும் சமம் என்ற கருதுகோளை மட்டுமே அச்சோதனை மறுக்கிறது. குழுக்கள் எந்த வரிசையில் ஏறுகின்றன என்பதை அது பார்ப்பதே இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் நம் பிள்ளைகளும் இங்கே வாசிப்பதால், அவர்களே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்: எக்செல்லில் 10, 20, 40 மில்லிகிராம் என்ற தலைப்புகளை மட்டும் இடம்மாற்றி மீண்டும் கணக்கிடுங்கள்; எஃப் மதிப்பும் (குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குழுக்களுக்குள் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிடும் விகிதம்) பி மதிப்பும் இம்மியும் மாறமாட்டா. ஏறுவரிசையையே மாற்றுக் கருதுகோளாக, அதாவது ‘எல்லாம் சமம்’ என்பதற்கு எதிராகச் சோதிக்கும் கூற்றாக, கொள்வது, டெர்ப்ஸ்ட்ரா 1952இலும் ஜோங்கியர் 1954இலும் தனித்தனியே முன்வைத்த சோதனை. அதற்கும், தரவைப் பார்க்கும் முன்பே வரிசையை முடிவுசெய்திருக்க வேண்டும்.