சனிக்கிழமை சாசேஜ்

(டப்ளினின் வடக்குப் பக்கம், ஃபிப்ஸ்பரோ. மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. பொஹீமியன்ஸ் கால்பந்து அணியின் டேலிமவுண்ட் பார்க் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன சலூன். சலூன்காரருக்கு அறுபது வயது, விவரம் தெரிந்த நாளிலிருந்து பொஹீமியன்ஸ். நாற்காலியில் இருப்பவருக்கு நாற்பத்தைந்து, மான்செஸ்டர் யுனைடெட்.)

சலூன்காரர்: பக்கவாட்டில் நம்பர் இரண்டு மெஷின், மேலே கத்தரி. அதுதானே தம்பி?

வந்தவர்: அதேதான் அண்ணே. மெதுவாகவே வெட்டுங்கள். வீட்டுக்குப் போனால் தோட்டத்துக் கொட்டகைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். இங்கிலாந்து லீக் முடிந்துவிட்டது, இனி ஆகஸ்ட் வரைக்கும் சனி ஞாயிறு எதற்கு வருகிறது என்றே தெரியவில்லை.

சலூன்காரர்: வீட்டம்மா எங்கே?

வந்தவர்: அவளா? ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது தொண்டை கட்டிப்போய் பேச்சே வராது. அக்காவும் தங்கையும் சேர்ந்தால் அப்படி என்னதான் பேசுவார்களோ!

சலூன்காரர்: (சீப்பை நிறுத்தி) ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளியா?

வந்தவர்: கடிகாரம் மாதிரி. ஏன்?

சலூன்காரர்: சும்மா கேட்டேன். சரி, ஆகஸ்ட் வரைக்கும் கால்பந்தே கிடையாது என்கிறீர்கள்.

வந்தவர்: கிடையாதே.

சலூன்காரர்: இந்தக் கதவைத் திறந்து இடது கைப் பக்கம் ஆறு நிமிஷம் நடந்தால் ஒரு மைதானம் வரும். இன்று இரவு ஏழே முக்காலுக்கு அங்கே மேட்ச்.

வந்தவர்: டேலிமவுண்டா? அதைக் கணக்கில் சேர்க்கலாமா அண்ணே?

(முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது.)

சலூன்காரர்: அடடா, ஸ்ப்ரே கை தவறிவிட்டது. துடைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிப்ரவரியில் ஆரம்பித்து நவம்பர் வரைக்கும் ஆட்டம். 2003லிருந்து அப்படித்தான். உங்கள் ஆட்கள் கடற்கரையில் படுத்திருக்கும்போது எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வந்தவர்: கோடைக்காலத்தில் கால்பந்தா?

சலூன்காரர்: இந்த ஊரில் எது தம்பி கோடைக்காலம்? மழை கொஞ்சம் வெதுவெதுப்பாகப் பெய்யும், அவ்வளவுதான். மேட்சை வெள்ளிக்கிழமை வைப்பதே உங்களைப் போன்றவர்களை நம்பித்தான். சனிக்கிழமை வைத்தால் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து இங்கிலாந்தைப் பார்க்கும். உங்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தெரியுமா? பார் ஸ்டூல் ரசிகன்.

வந்தவர்: நான் ஒன்றும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறவன் இல்லை. வருஷத்துக்கு நாலு தடவை மான்செஸ்டருக்கே போகிறேன்.

சலூன்காரர்: விமானம், ஹோட்டல், டிக்கெட், அப்புறம் தோற்றுவிட்டுத் திரும்பி வருகிற செலவு. இங்கே ஆறு நிமிஷம். தலையைக் குனியுங்கள், பிடரியில் மெஷின் போட வேண்டும். பெயிண்ட் அடிப்பதிலிருந்து தப்பிக்க வேண்டுமா, வேண்டாமா?

வந்தவர்: வேண்டும்.

சலூன்காரர்: அப்படியானால் இந்த வாரத்து ஐந்து மேட்சையும் கேளுங்கள். பத்து அணி, ஒவ்வொன்றும் மற்றதோடு நான்கு தடவை மோத வேண்டும். மொத்தம் 36 ஆட்டம்.

வந்தவர்: நான்கு தடவையா! நான் மாமியாரையே வருஷத்தில் மூன்று தடவைதான் பார்க்கிறேன்.

சலூன்காரர்: அதனால்தான் உங்கள் சண்டை அந்த அளவோடு நிற்கிறது. இங்கே மார்ச்சில் இடித்தவனை மே மாதம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். சரி, முதலில் டெர்ரி. பிராண்டிவெல் மைதானத்தில் டெர்ரி சிட்டியும் ஷெல்போர்னும்.

வந்தவர்: டெர்ரி எல்லைக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?

சலூன்காரர்: ஊர் வட அயர்லாந்து, ஆடுவது நம் லீக். கலவரக் காலத்தில் அங்கே போய் ஆட மற்ற அணிகள் மறுத்தன. அதனால் 1972ல் அவர்கள் வடக்கு லீக்கை விட்டு வெளியேறினார்கள். 1985லிருந்து நம்மோடு ஆடுகிறார்கள். போவதானால் கையில் பவுண்டு இருக்கட்டும், யூரோவை நீட்டி அசடு வழியாதீர்கள்.

வந்தவர்: மேட்ச் எப்படி இருக்கும்?

சலூன்காரர்: சூடு பறக்கும். 2024 கடைசி நாள் ஆட்டம் இதே மைதானத்தில்தான். ஷெல்போர்ன் ஒரே ஒரு கோல் போட்டுப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. 18 வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த பட்டம். பயிற்சியாளர் டேமியன் டஃப்.

வந்தவர்: (துணிக்குள்ளிருந்து கையை எடுத்து) டஃபா? செல்சியில் ஆடினாரே, அவரா? அவர் இங்கேயா இருந்தார்?

சலூன்காரர்: டிரம்கோண்ட்ராவில், டோல்கா பார்க்கில். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். 2025 ஜூனில் விலகிப் போய்விட்டார். அவர் இருந்தபோது நீங்கள் மான்செஸ்டர் விமானத்தில் இருந்தீர்கள். கையை உள்ளே விடுங்கள், முடி கொட்டுகிறது.

வந்தவர்: சரி, அடுத்தது?

சலூன்காரர்: இன்சிகோரில், ரிச்மண்ட் பார்க்கில் செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெடிக். வரிசை வீடுகளுக்கு நடுவில் செருகி வைத்த மாதிரி மைதானம். எதிரணி டண்டால்க். ஒரு காலத்தில் டண்டால்க் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். ஸ்டீபன் கென்னி பயிற்சியாளராக இருந்தபோது பட்டத்துக்கு மேல் பட்டம், 2016ல் யூரோப்பா லீக் குரூப் வரைக்கும் போனார்கள். அப்புறம் 2024ல் கடைசி இடம், கீழ் டிவிஷனுக்கு விழுந்தார்கள். மறு வருஷமே எழுந்து வந்துவிட்டார்கள். கென்னியோ 2024லேயே செயின்ட் பேட்ரிக்ஸுக்குப் போய்விட்டார்.

வந்தவர்: பழைய மாப்பிள்ளையின் புது வீடு மாதிரி. சுவாரஸ்யமாக இருக்கிறதே, அங்கே போகலாமா?

சலூன்காரர்: போகக் கூடாது.

வந்தவர்: ஏன் அண்ணே?

சலூன்காரர்: (கத்தரி காற்றில் நிற்கிறது) 2021 அயர்லாந்து கோப்பை இறுதி. பெனால்டியில் தோற்றோம். யாரிடம்? செயின்ட் பேட்ரிக்ஸிடம். 2023ல் மறுபடி இறுதி. அவீவா மைதானத்தில் 43,881 பேர். முதல் கோல் எங்களுடையது. என் மச்சானைக் கட்டிப்பிடித்து அழுதேன், 20 வருஷமாக அவனோடு பேச்சுவார்த்தையே கிடையாது. அப்புறம் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். யாரிடம்?

வந்தவர்: செயின்ட் பேட்ரிக்ஸிடமா?

சலூன்காரர்: இப்போது மச்சானோடும் பேச்சு இல்லை.

வந்தவர்: அண்ணே, கிருதாவில் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ?

சலூன்காரர்: அந்தப் பக்கத்தையும் அதே அளவுக்குக் குறைத்துவிடலாம். அடுத்தது வாட்டர்ஃபோர்டில் கால்வே. அந்த மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயப் பாதை போட்டிருக்கிறார்கள். கோல் விழுந்தது நமக்குத் தெரிவதற்குள் அடுத்த கோல் விழுந்திருக்கும். அதை விடுங்கள்.

வந்தவர்: விட்டாயிற்று.

சலூன்காரர்: சனிக்கிழமை ஒரே ஒரு மேட்ச், ஸ்லைகோவில். ஸ்லைகோ ரோவர்ஸும் டிராஹெடாவும். மேற்குக் கரை, அட்லாண்டிக் காற்று, மழை மேலிருந்து வராது, பக்கத்திலிருந்து வரும். ஆனால் அந்த மண்ணில் யார் ஆடியிருக்கிறார் தெரியுமா? டிக்ஸி டீன். ஒரே லீக் சீசனில் 60 கோல் போட்ட எவர்டன்காரர்.

வந்தவர்: விளையாடாதீர்கள்.

சலூன்காரர்: அவர்தான் விளையாடினார். 1939ல். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரன் கப்பல் ஏறி இங்கே வந்தான், இப்போது நீங்கள் விமானம் ஏறி அங்கே போகிறீர்கள்.

வந்தவர்: எவ்வளவு நேரப் பயணம்?

சலூன்காரர்: கனோலி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரம். அது கிடக்கட்டும், ஒன்று கேட்கிறேன். வீட்டம்மா கடைசியாக அக்கா வீட்டுக்குப் போய் வந்தார்களே, மறுநாள் காலையில் உங்களுக்கு என்ன சாப்பாடு?

வந்தவர்: இதென்ன கேள்வி? டோஸ்ட். அதுவும் கருகினது. அவள் ஒரு தினுசு அண்ணே. சில சனிக்கிழமை முட்டை, சாசேஜ், கறுப்பு புட்டிங் என்று தட்டு நிறைய வரும், பாட்டு வேறு பாடுவாள். சில சனிக்கிழமை வெறும் டோஸ்ட், தட்டு மேஜையில் விழுகிற சத்தத்திலேயே நான் எழுந்துவிடுவேன்.

சலூன்காரர்: (தனக்குள்) தொண்ணூறாவது நிமிஷம். கார்னர். நாலு பேர் நின்றும் ஒருத்தன்கூட எகிறவில்லை.

வந்தவர்: என்ன?

சலூன்காரர்: ஒன்றுமில்லை, காது. காதைச் சுற்றி வெட்டுகிறேன், அசையாதீர்கள். இப்போது பெரிய மேட்சுக்கு வருவோம். இன்று இரவு டேலிமவுண்டில் பொஹீமியன்ஸ், எதிரில் ஷாம்ராக் ரோவர்ஸ்.

வந்தவர்: ரோவர்ஸ் என்றால் பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டை. டால்லாவில் பெரிய ஸ்டேடியம். நிறையப் பட்டம் வாங்கியவர்கள்.

சலூன்காரர்: 22 பட்டம். 2020லிருந்து வரிசையாக நான்கு, அப்புறம் 2025ல் ஒன்று. ஆனால் ஒரு விஷயம். 1987ல் மில்டவுனில் இருந்த மைதானத்தை விட்டு வந்தார்கள், 2009ல்தான் டால்லாவுக்குப் போனார்கள். நடுவில் 22 வருஷம் எங்கே இருந்தார்கள்?

வந்தவர்: எங்கே?

சலூன்காரர்: வாடகைக்கு! ஊர் ஊராகப் பெட்டி படுக்கையோடு. கொஞ்ச நாள் டேலிமவுண்டிலேயே குடியிருந்தார்கள். எங்கள் திண்ணையில் படுத்திருந்தவன் இன்று மாடி வீடு கட்டிக்கொண்டு, போகிற வழியில் எங்கள் ஓட்டைப் பார்த்துச் சிரிக்கிறான் தம்பி. எங்களுக்கு 2009க்கு அப்புறம் லீக் பட்டமே இல்லை. ஓடும் ஒழுகுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1890லிருந்து இருக்கிற அணி. முதலாளி கிடையாது, உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள். எனக்கும் பங்கு உண்டு. ஒழுகுகிற ஓட்டில் என் பங்கு எது என்றுகூட எனக்குத் தெரியும், தலையில் சொட்டுகிறதே!

வந்தவர்: பாப் மார்லி படம் போட்ட சட்டை உங்கள் அணிதானே? என் அக்கா மகன் போட்டுக்கொண்டு திரிகிறான். ரெக்கே இசைக்குழுச் சட்டை என்று நினைத்திருந்தேன்.

சலூன்காரர்: 1980 ஜூலை 6, டேலிமவுண்டில் மார்லி பாடினார். அயர்லாந்தில் அவர் பாடிய ஒரே கச்சேரி அது. சட்டை உலகமெல்லாம் போகிறது, போட்டவர்களில் பாதிப் பேருக்குக் கோல் கம்பம் எந்தப் பக்கம் என்று தெரியாது.

வந்தவர்: சரி அண்ணே, முடிவு பண்ணிவிட்டேன். இன்று டேலிமவுண்டுக்கு வருகிறேன். யார் வரப்போகிறார்கள், நுழைவாயிலிலேயே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

(சலூன்காரர் சிரிக்கிறார். இருமுகிறார். மறுபடி சிரிக்கிறார்.)

சலூன்காரர்: ரோவர்ஸ் மேட்சுக்கா? டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் இதே மேட்சை அவீவாவில் வைத்தோம், 33,208 பேர் வந்தார்கள். லீக் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். டேலிமவுண்டில் அதில் ஏழில் ஒரு பங்குகூட உட்கார முடியாது.

வந்தவர்: அப்புறம் எதற்கு அரை மணி நேரமாக ஆசை காட்டினீர்கள்?

சலூன்காரர்: நீங்கள் ஸ்லைகோவுக்குப் போவீர்கள் என்று நினைத்தேன்.

வந்தவர்: உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது டிக்கெட் வைத்திருக்க மாட்டார்களா? இன்று மட்டும் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்கிறவர்?

சலூன்காரர்: (துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே) தெரிந்தவர் உண்டு. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு அம்மா. சீசன் டிக்கெட். ஆனால் அவர் தரமாட்டார். மழையோ காய்ச்சலோ, வெள்ளிக்கிழமை தவறியதே இல்லை. நடுவரைத் திட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது, கார்னர் கொடி வரைக்கும் கேட்கும். பக்கத்தில் அவருடைய அக்கா, அவர் அமைதி, பை நிறைய சாண்ட்விச் கொண்டு வருவார்.

வந்தவர்: அக்காவா?

சலூன்காரர்: அக்கா.

(மௌனம். கண்ணாடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.)

வந்தவர்: சிவப்பு கறுப்பில் மஃப்ளர் போட்டிருப்பாளா?

சலூன்காரர்: ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருக்கும்.

வந்தவர்: நாய் கடித்தது. எங்கள் நாய்தான். எத்தனை வருஷமாக?

சலூன்காரர்: ஆறு இருக்கும். நீங்கள் மான்செஸ்டரில் இருந்த வாரங்களில் வெளியூர் மேட்சுக்கும் பஸ்ஸில் வந்திருக்கிறார். வீட்டுக்காரருக்குக் கால்பந்து பிடிக்காதா என்று ஒரு தடவை கேட்டேன். பிடிக்கும், ஆனால் விவரம் பத்தாது என்றார்.

(வந்தவர் நெடுநேரம் பேசவில்லை. சலூன்காரர் கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டுகிறார். அவர் அதைப் பார்க்கவே இல்லை.)

வந்தவர்: அண்ணே, ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். ரோவர்ஸில் யாருக்காவது காயமா? உங்கள் நடுக்களம் தாங்குமா? இன்று ஜெயிப்பீர்களா?

சலூன்காரர்: திடீரென்று என்ன அக்கறை?

வந்தவர்: நாளைக் காலை என் தட்டில் என்ன விழும் என்பது உங்கள் கோல்கீப்பர் கையில் அல்லவா இருக்கிறது! ஆறு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!

சலூன்காரர்: சொந்த மைதானம், நல்ல கூட்டம். ஜெயிக்கலாம். டிராவும் ஆகலாம்.

வந்தவர்: டிரா ஆனால்?

சலூன்காரர்: (யோசித்து) டிரா என்றால் முட்டை மட்டும் வரும். சாசேஜை எதிர்பார்க்காதீர்கள்.